குங்குமம் வைத்த ஆக்சா பிளேடு

அந்த ஃபிரேம் எங்கள் வீட்டுக் கூடத்தில், குழந்தைக்குத் தொட்டில் கட்டிய கொக்கியில், பத்து நாள் தொங்கியது. பதினோராம் நாள் ஆட்டோவில் ஏறிப் போயிற்று. அதைத் தடுக்க எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. நான் தடுக்கவில்லை.

பாலீஷ் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த நம்பர் எமரி பேப்பரில் ஆரம்பிக்க வேண்டும், எந்த பஃபில் முடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வேண்டியது வேறு. இத்தனை வருஷம் ஆகியும் அதை எழுத உட்கார்ந்தால் விரல் சூடாகிறது. சொற்கள் கொஞ்சம் முரடாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி.

1. சார் இல்லீங்களா

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் பக்கம் வாடகை வீடு. கணவர் சேகர் ரயில்வேயில் கிளார்க். கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே என்னுடைய அரை ஹெச்.பி. மோட்டார். அதன் ஒரு பக்கம் சணல் வீல், மறுபக்கம் மெருகேற்றக் காட்டன் பஃப், துணி அடுக்கிய சக்கரம். வீலுக்குக் கொண்டுவர முடியாத பெரிய சாமான்களுக்கு ஒரு ட்ரில் மெஷின், அதன் முனையில் மாட்டச் சின்ன பஃபுகள்.

கதவுக் கைப்பிடியில் ஆரம்பித்தேன். பிறகு மோட்டார்சைக்கிள் சாமான்கள் வந்தன. கிராங்க் கவர், பிரேக் டிரம், ஃபோர்க். மைசூரில் அப்போது தெருவுக்கு இரண்டு பேராவது வண்டிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு, கல்யாணப் பெண்ணைச் சுற்றி நிற்பதுபோல் சுற்றி நின்று பேசுவார்கள். அந்தப் பளபளப்பில் பாதி என் துவைக்கிற கல்லோரம் பிறந்தது. பலருக்குத் தெரியாது. மெக்கானிக் கொண்டுவந்து கொடுப்பார், மெக்கானிக் வந்து வாங்கிப் போவார். யார் தேய்த்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்தபோது மூர்த்தி வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் கோபமும் கணக்கும் கன்னடத்தில் வரும். ஆட்டோவின் பின்சீட்டில் எதையோ போர்வையில் சுற்றி, நோயாளியைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்திருந்தார்.

"சார் இல்லீங்களா?"

"ஆபீஸ் போயிருக்கார். என்ன விஷயம்?"

"பாலீஷ் வேலைதான்க்கா. அவர்கிட்டயே பேசணும்."

"அவருக்கு ஷூ பாலீஷ்தான் தெரியும். என்கிட்ட பேசுங்க."

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாராவது வந்து இதைச் சரிசெய்வார்கள் என்று எதிர்பார்த்தார் போல. யாரும் வரவில்லை. போர்வையை விலக்கினார்.

"நோடிக்கா, ஜப்பான் மால். அலுமினியம் ஃபிரேம். இந்த ஊர்ல ரெண்டாவது பீஸ் கிடையாது. கண்ணாடி ஆகணும். பார்ட்டி குனிஞ்சா மீசை தெரியணும். பூஜை அன்னிக்கு டெலிவரி."

அடித்துப் பிடித்து ஒப்புக்கொண்டேன். அவ்வளவு பெரிய அலுமினியத்தை நான் அதுவரை தொட்டதில்லை. ஆசை.

2. கோடு போன மத்தியானம்

அப்போது தெருவில் ஓடிய வண்டிகளின் ஃபிரேம் எல்லாம் இரும்புக் குழாய். பெயிண்ட் அடித்தால் போதும், யாரும் பாலீஷ் கேட்கமாட்டார்கள். இது வேறு ஜாதி. ஹேண்டில் திரும்புகிற கோன் செட் உட்காரும் கழுத்திலிருந்து இரண்டு பட்டைத் தோள்கள் பிரிந்து, எஞ்சினை இருபுறமும் அணைத்துக்கொண்டு பின்னால் இறங்கின. வண்டியின் முழு பாரமும், பிரேக் அடிக்கும்போது முன்சக்கரம் திருப்பி உதைக்கிற உதையும், அந்தக் கழுத்தில்தான் வந்து நிற்கும். கழுத்து போனால் ஹேண்டில் கையோடு வரும். வண்டி வேறெங்காவது போகும்.

யாரோ அதன்மேல் கருப்பு அடித்திருந்தார்கள். ரிமூவர் தடவி உரித்தேன். மற்ற இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி வந்த பெயிண்ட், கழுத்தின் வலது பக்கத்தில் மட்டும் தோசைக் கனத்துக்கு அப்பியிருந்தது. அவசரத்தில் அடித்தவன் கை என்று நினைத்தேன். பிறகு காஸ்டிக் சோடாவை நிறையத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, கம்பெனி ஏற்றிய மேல்தோலை எடுத்தேன். சாம்பல் நிறத்தில் அம்மணமாக நின்றது ஃபிரேம்.

இருநூற்று இருபதாம் நம்பர் பேப்பர் முடித்து நானூறுக்கு வந்தபோது அதைப் பார்த்தேன். கழுத்தின் வலது பக்கம், வெல்டிங் தழும்பின் ஓரத்தில், சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கோடு. ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கிழித்தது மாதிரி.

கோடு என்றால் எனக்கு எதிரி. பாலீஷ்காரர் யாருக்கும் அப்படித்தான். ஏன் வந்தது என்று கேட்கமாட்டோம். எப்படிப் போகும் என்றுதான் கேட்போம். வாட்டர் பேப்பரை மண்ணெண்ணெயில் நனைத்து அந்த இடத்திலேயே நின்று தேய்த்தேன். மெலிந்தது, போகவில்லை. ட்ரில்லில் சணல் பஃபை மாட்டி, பாலீஷ் கட்டியைக் காட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். உலோகம் கை வைக்க முடியாமல் சுட்டது. எடுத்துப் பார்த்தால் கோடு இல்லை.

அன்று மத்தியானம் காபி போட்டு, நின்றுகொண்டே குடித்தேன். சுத்தமான இடத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அழுத்தித் தேய்த்தால் இரும்பு தேயும். அலுமினியம் நகரும். சூடு ஏறினால் வெண்ணெய் மாதிரி இழுபட்டு, பக்கத்தில் இருக்கும் பள்ளத்தின் வாயை மூடிக்கொள்ளும். கோடு போகவில்லை. நான் அதற்கு ஒரு கண்ணாடி மூடி செய்து போட்டிருந்தேன்.

3. மைதா

ஆறு விதப் பேப்பர் மாறி, இரண்டு பஃப் மாறி, எட்டாம் நாள் ஃபிரேம் கண்ணாடியாயிற்று. ஜன்னல் கம்பிகள் அதில் வளைந்து தெரிந்தன. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் புடவையின் நிறம் அதன் தோளில் ஓடி மறைந்தது. நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். சேகர்கூட ஆபீஸிலிருந்து வந்து, சட்டை மாற்றுவதற்கு முன்பு அதன் முன்னால் தலை சீவிக்கொண்டார்.

கடைசியில் பாலீஷ் கட்டியின் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நான் மைதா மாவைத் தூவித் துணியால் துடைப்பேன். மாவு கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும், கீறல் விழாது. சாயங்காலம் தூவினேன், கரண்ட் போயிற்று, காலையில் துடைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் ஃபிரேம் முழுக்க மாவு வெள்ளையாக இருந்தது. கழுத்தின் வலது பக்கம் மட்டும் வெள்ளைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மயிரிழை அளவு ஒரு ஈரக்கோடு. அதே இடம்.

துடைத்தேன். அடியில் கண்ணாடிதான். விரலால் தடவினேன், வழுக்கியது. மறுபடி மாவு தூவிவிட்டு உள்ளே போய்ச் சமையலைக் கவனித்துவிட்டு வந்தேன். மறுபடி கோடு, கொஞ்சம் மங்கலாக. நான் தேய்த்த மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி, இப்போது கசிந்துகொண்டிருந்தது. உள்ளே இறங்க இடம் இருந்தால்தானே கசியும். கீறல் மேலோடு நிற்கும். இது விரிசல்.

மூன்றாம் முறை தூவியபோது எதுவும் வரவில்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது. சாட்சி சொல்ல வந்தது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. வாயை மூடியது யார் என்று எனக்குத் தெரியும்.

4. மூர்த்தியின் கட்டைவிரல்

கடைவீதி பூத்திலிருந்து போன் செய்தேன். சாயங்காலம் மூர்த்தி வந்தார். சேகரும் வீட்டில் இருந்தார். ஃபிரேமைப் பார்த்ததும் மூர்த்தி கை தட்டினார்.

"கழுத்துல விரிசல் இருக்கு," என்றேன்.

"எங்கக்கா? எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது. அதுவும் கொஞ்சம் நல்லாவே தெரியுது."

சேகர் சிரித்துவிட்டார். மைதாவையும் கோட்டையும் பற்றிச் சொன்னேன். மூர்த்தி என்னைப் பார்க்காமல் சேகரைப் பார்த்துப் பேசினார்.

"சார், பத்து நாளா தேய்ச்சுத் தேய்ச்சு மேடத்துக்குக் கண்ணு சோர்ந்துபோச்சு. இதுல என்ன இருக்கு சொல்லுங்க, நீங்களே தடவிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, தடவிக் காட்டக் கட்டைவிரலை வைத்தார்.

கழுத்து என்றுதான் நான் சொல்லியிருந்தேன். கழுத்துக்கு முன், பின், இடம், வலம் உண்டு. வெல்டிங் தழும்பு மட்டும் ஆறு இருக்கிறது. அந்தக் கட்டைவிரல் நேராக வலது பக்கம் போய், தழும்பின் ஓரத்தில், கோடு இருந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்தது.

இதற்கு மேல் அவருக்கு மரியாதையாக எழுத என் பேனா ஒப்பவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றேன்.

"என்ன தெரியும்?"

"அந்த எடம். தெரிஞ்சுதான் பெயிண்டை அப்பி வெச்சிருந்தீங்க."

விரலை எடுத்துக்கொண்டான். சிரிப்பை மட்டும் எடுக்கவில்லை. "சரி, இருந்துச்சுன்னே வெச்சுக்கோங்க. அதான் நீங்களே சரி பண்ணிட்டீங்களே. போச்சு. ஆய்த்து. சும்னே ஏன் டென்ஷன்?"

நீங்களே சரி பண்ணிட்டீங்களே. அவன் என் கையைக் கூலிக்குப் பிடித்தது பளபளப்புக்கு அல்ல, இதற்கு. பெயிண்ட் அடித்தால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். கண்ணாடியைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

"நாளைக்குப் பார்ட்டியைக் கூட்டிட்டு வரேன்," என்றான் வாசலில். "கௌதள்ளி. மாதேஸ்வரன் மலை அடிவாரம். தமிழ்க்காரர்தான். பாலீஷைப் பாக்கட்டும். நீங்க காபி குடுங்க, அது போதும்."

அவன் போன பிறகு சேகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம வேலை தேய்க்கிறது வசந்தி. தேய்ச்சாச்சு. அடுத்தவன் வியாபாரத்துல நாம ஏன்?"

"அதுல நீங்க உக்காந்து போவீங்களா?"

"நான் ஏன் போறேன்?"

"என்னைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு?"

பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அது நேற்றைய பேப்பர்.

5. நெகம் மாட்டுதுங்க்கா

மறுநாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பழனிச்சாமி முதல் பஸ் பிடித்து ஹனூர், கொள்ளேகால் வழியாக வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். ராகியும் மஞ்சளும் போடுகிற குடும்பம். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் பஸ் புழுதி. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கோவிலுக்குள் வருவதுபோல் கூடத்துக்குள் வந்தார். ஃபிரேமைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். குனிந்தார். உள்ளபடியே மீசையைத் தடவினார்.

"ஏனுங்க்கா, இதைய நீங்களா தேச்சீங்க?"

"நான்தான்."

"ஒத்தக் கையிலிங்களா? எங்கூருல ஒருத்தனும் நம்பமாட்டானுங்க."

கொக்கியில் தொங்கும் வண்டிக்கு அவர் அதற்குள் சக்கரம் மாட்டி, பெட்ரோல் ஊற்றி, ஓட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ராத்திரியோடு ராத்திரியாக மாட்டித் தந்துவிட, நாளைக்குப் பூசை முடிந்ததும் இந்த ஊரிலிருந்தே ஓட்டிப் போகிறாராம். ஊரில் ஒரு சுற்று. சாயங்காலம் மனைவியைப் பின்னால் வைத்து, மலை இறங்கி, பாலாறு செக்போஸ்ட் வரைக்கும்.

"மலைல எறங்கறப்ப வளைவுக்கு வளைவு பிரேக் புடிக்கோணுமுங்க. எம்பட பழைய வண்டி அழுவுமுங்க. இது ஜப்பான்காரனாச்சே, கம்முனு எறங்குமுங்களே."

வளைவுக்கு வளைவு பிரேக். ஒவ்வொரு பிரேக்கும் அந்தக் கழுத்தில்.

"தம்பி, இதுல விரிசல் இருக்கு. இந்த எடத்துல. மேல தெரியாது. நான் தேய்ச்சதுல மூடிக்கிச்சு."

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு அவர் தெரிந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகத்தில் சந்தேகம் இருந்தது. ஃபிரேம் மேல் அல்ல, என்மேல்.

"ஒண்ணுமே தெரியலீங்களேக்கா."

"அக்காவுக்கு விட மனசு வரல பழனிச்சாமி," என்றான் மூர்த்தி. "பத்து நாள் தொட்டில்ல போட்டு ஆட்டியிருக்காங்க. பொண்ணைக் கட்டிக் குடுக்கிறப்ப குறை சொல்ற மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கொல்லைக்குப் போனேன். பிளாஸ்டிக் மக்கில் காஸ்டிக் சோடாவைக் கெட்டியாகக் கரைத்தேன். ரப்பர் கையுறை மாட்டினேன். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தேன். இன்னும் கொஞ்சம் மெருகேற்றப் போகிறேன் என்று நினைத்து மூர்த்தி வழிவிட்டான்.

கழுத்தின் வலது பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, இழுத்துப் பூசினேன்.

பொங்கியது. வெள்ளை நுரை சீறிக்கொண்டு எழுந்து வழிந்தது. அதற்குள் இருந்த பழனிச்சாமியின் மீசை, ஜன்னல் கம்பி, எல்லாம் மங்கி, புரை விழுந்த கண்ணாகி, கருத்தது. பத்து நாள் வேலை, நான் தேநீர் ஆற்றுகிற நேரத்தில்.

"ஏ, ஏ, ஏனு மாட்தா இதீரி?" என்ன செய்கிறீர்கள் என்று கேட்கப் பதற்றத்தில் மூர்த்திக்குத் தமிழ் மறந்துவிட்டது. கையைப் பிடிக்க வந்தவன் மக்கைப் பார்த்துவிட்டு நின்றான்.

"தள்ளி நில்லுங்க. தெறிச்சா தோல் போயிடும்."

என்னைப்போல் ரயில்வே காலனியில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் அடுத்தது தெரியும். ரயில் சக்கரத்தின் ஆக்சிலில் விரிசல் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். தண்ணீர் விட்டுக் கழுவினேன். துடைத்துக் காய வைத்தேன். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டேன். ஈரம் இல்லாமல் துடைத்தேன். பள்ளிக்கூட சாக்பீஸை இடித்துக் கரைத்து மேலே பூசினேன். வெள்ளையாகக் காய்ந்தது. மரச்சுத்தியால் மெல்லத் தட்டினேன்.

சேகர் சமையலறை வாசலில் நின்றார்.

வெள்ளைக்குள்ளிருந்து அது வந்தது. முதலில் நகத்தளவு. பிறகு நிற்காமல், வெல்டிங் ஓரத்திலிருந்து கீழே இறங்கி, எஞ்சின் போல்ட் துளையை நோக்கி, என் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஈரக்கோடு. நான் நினைத்ததைப்போல் நாலு மடங்கு.

பழனிச்சாமி சாக்பீஸைத் துடைத்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"நெகம் மாட்டுதுங்க்கா."

"இவங்க ஊத்தின ஆசிட்டால வந்தது அது," என்றான் மூர்த்தி. "கண்ணு முன்னாடிதானே ஊத்தினாங்க. நீங்களே பாத்தீங்க."

பழனிச்சாமி நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தார். கொள்ளேகால் பஸ் எத்தனை மணிக்கு என்று சேகரிடம் கேட்டார். எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னது இதுதான்.

"நாளைக்குப் பூசைக்கு வண்டி வருதுன்னு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சுப்போட்டனுங்க்கா."

6. ஆயுத பூஜை

மைசூர்க்காரர்களுக்கு ஆயுத பூஜை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அரண்மனையின் கத்தி முதல் சலூன்காரரின் கத்தரிக்கோல் வரை அன்று எல்லாம் சாமி. நானும் காலையில் மோட்டாரைத் துடைத்து சேவந்திப் பூ வைத்தேன். பலகை போட்டு, ட்ரில் மெஷின், பஃபுகள், மரச்சுத்தி, ஸ்பேனர், ஆக்சா பிளேடு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கற்பூரம் காட்டினேன். காட்டிவிட்டால் மறுநாள் விஜயதசமி வரை எதையும் தொடக்கூடாது. என் வீட்டில் யாரும் தொட்டதில்லை.

மூர்த்தி பத்து மணிக்கு வந்தான். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிய ஆட்டோ. பூசணிக்காய் உடைத்த சக்கரத்தில் இன்னும் சிவப்பு ஈரம்.

"இன்னிக்கு டூல்ஸ் தொடமாட்டீங்கன்னு தெரியும்க்கா. அதான் இன்னிக்கே வந்தேன். நாளைக்குன்னா இன்னும் என்ன ஊத்துவீங்களோ."

"என்ன பண்ணப் போறே அதை?" எனக்கும் மரியாதை தீர்ந்திருந்தது.

"பண்றதென்ன. மேல ஒரு வெல்டு, மேல கருப்பு. கேரளாவுல பார்ட்டி இருக்கான். எல்லாரும் உங்களை மாதிரி மைதாவும் சாக்பீஸும் வெச்சுக்கிட்டு அலையமாட்டாங்க."

சொல்லிவிட்டுக் கொக்கியிலிருந்து ஃபிரேமை இறக்க, ஆட்டோக்காரரைக் கூப்பிட வாசலுக்குப் போனான்.

ஆக்சா பிளேடு மூன்று எட்டு தூரத்தில் இருந்தது. அலுமினியம் மெத்தென்றிருக்கும்; புது பிளேடு. அந்தக் கழுத்துக்குக் குறுக்கே அரை அங்குலம் இறக்கினால் போதும், இந்த உலகத்தில் எந்தப் புரோக்கரும் அதை எந்தப் பெயிண்டிலும் மறைக்க முடியாது. அவன் வாசலுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் முடிந்திருக்கும்.

நான் பார்த்ததை சேகர் பார்த்துவிட்டார். "வேண்டாம் வசந்தி. பூஜையில இருக்கு."

பிளேடின் நடுவில் என் விரல் வைத்த குங்குமம். அடுத்தவன் பொருள் வேறு. இரண்டு காரணங்கள். அந்த நிமிஷத்தில் இரண்டும் மலை மாதிரி நின்றன. கை நீளவில்லை.

ஃபிரேம் ஆட்டோவில் ஏறியது. ஆட்டோக்காரர் நல்ல மனுஷர், பண்டிகை நாள் என்று அதன் கழுத்திலும் ஒரு முழம் சேவந்தியைச் சுற்றினார். விரிசலுக்கு மேலேயே.

7. பிறகு

அடுத்த ஆறு மாதம் எனக்கு ஃபிரேம் வேலை, கவர் வேலை எதுவும் வரவில்லை. "அந்தம்மா ஆசிட் ஊத்தி ஜப்பான் ஃபிரேமை ஒடச்சிட்டாங்க" என்று ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. என்னிடம் பல வருஷம் சாமான் கொடுத்த மெக்கானிக் ஒருவர் தெருவில் பார்த்து, "ஏம்மா, சோடா அதிகமாப் போட்டுட்டீங்களாமே" என்றார். வருத்தத்தோடுதான் கேட்டார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பத்து நாள் நான் வேலை செய்தபோது என் பெயர் யாருக்கும் தெரியாது. பழி வந்த மறுநாள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. மூர்த்தி வழக்கமாக நிற்கும் டீக்கடைக்கு நானே போனேன்.

"அந்த ஃபிரேம் என்ன ஆச்சு?"

"வித்தாச்சு."

"யாருக்கு?"

"சொன்னா அங்கேயும் மக்கை எடுத்துக்கிட்டுப் போவீங்க." டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

இன்றுவரை யார் என்று தெரியாது. அவருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். வெல்டு பிடித்திருக்கலாம். இப்படி நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதி என்று எனக்கே தெரிகிறது. என் கூடத்தில் நின்ற ஒருவருக்காக என் பத்து நாள் வேலையை அழித்தேன். என் கூடத்துக்கு வராத ஒருவருக்காக ஒரு பொட்டுக் குங்குமத்தைக் கலைக்க முடியவில்லை. பூஜை போட்ட ஆயுதம் எதற்கு இருக்கிறது என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆகவே தொழிலுக்கு வருகிறவர்களுக்கு. பெயிண்ட் உரித்ததும் பேப்பரைத் தொடாதீர்கள். முதலில் மண்ணெண்ணெய், சாக்பீஸ். ஒரு கோடு தெரிந்தால் அதைப் போக்காதீர்கள், எங்கே போகிறது என்று பின்னாலேயே போங்கள். ஓனர் நல்லவரா என்று யோசிக்க வேண்டாம். நல்லவரும் ஒருநாள் வண்டியை விற்பார்.

என் வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு போர்டு தொங்குகிறது: விரிசல் இருந்தால் அந்த இடத்திலேயே அறுத்துத் தரப்படும். படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, சம்மதம் என்று நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். போடாதவர்களிடம் சாமான் வாங்குவதில்லை.

இதுவரை இரண்டு அறுத்திருக்கிறேன். முதலாவதின் ஓனர் என்மேல் போலீஸில் எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நோட்டைப் படித்துவிட்டு அவரைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

இரண்டாவது ஓர் ஆயுத பூஜை மத்தியானம். பாங்கு அதிகாரி ஒருவரின் வண்டியிலிருந்து கழற்றிய அலுமினிய ஸ்விங் ஆர்ம், பின்சக்கரத்தைத் தாங்குகிற கை. பலகையிலிருந்து பிளேடை எடுத்தபோது சேகர் பொரித் தட்டை நகர்த்தி வழிவிட்டார். பாதி அறுத்தேன், மீதியை முழங்காலில் கொடுத்து ஒடித்தேன். அதிகாரி இரண்டு துண்டையும் இரண்டு கையில் வாங்கி, முனையோடு முனை வைத்துப் பார்த்தார்.

"ஒட்டிடலாம் இல்லையா மேடம்? சின்ன விரிசல்தானே."

துண்டைத் திருப்பி, ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினேன். இப்போது ஒடிந்த பகுதி பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். விரிசல் எத்தனையோ நாளாகத் தின்றுகொண்டு போன பகுதி கருத்திருக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கருப்புதான் அதிகம்.